வெப் டிசைனும் சிஎஸ்எஸ்ஸும் கற்க நினைக்கும் வேலூர்க்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் சனி, ஞாயிறு மாலைகளில் சிலருக்கு, இணையப் பக்கம் செய்யப் பயன்படும் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் சொல்லித் தருகிறேன். பி.சி.ஏ., பி.காம். படிக்கும் பிள்ளைகள், டி.டி.பி. கடையில் வேலை செய்பவர்கள், லாட்ஜ் ரிசப்ஷனில் இருப்பவர்கள், ராணிப்பேட்டையில் ஷிப்டு முடித்து பஸ் ஏறி வருபவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் குடியாத்தத்தில் இருந்தாலும் ஆரணியில் இருந்தாலும் இது பொருந்தும். கட்டளைகளின் பெயர்களைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எச்டிஎம்எல் அரைகுறையாகத்தான் தெரியும். நேராக சிஎஸ்எஸ்ஸில் இறங்கிவிடலாமா?

வேண்டாம். முதல் இரண்டு வாரத்தை எச்டிஎம்எல்லுக்குக் கொடுங்கள். தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு, படம், அட்டவணை, படிவம் ஆகியவை கைக்கு வந்தால் போதும்.

எது தலைப்பு, எது பட்டன் என்று சொல்வது எச்டிஎம்எல்லின் வேலை. அது எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ்ஸின் வேலை. இரண்டையும் பிரிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சிஎஸ்எஸ் பிறந்தது. ஹோகான் வியூம் லீ என்ற நார்வேக்காரர் 1994 அக்டோபர் 10 அன்று இதற்கான முன்மொழிவை வெளியிட்டார். பிறகு பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில், இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு முதல் பதிப்பை ஏற்றது.

எல்லாவற்றையும் டிவ் என்ற பொதுவான பெட்டி டேகுக்குள் போட்டு, கலரால் மட்டும் தலைப்புபோலக் காட்டுகிற பழக்கம் வேண்டாம். பார்வையற்றவர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், தலைப்பு எங்கே என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

என்னிடம் லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான். ஆரம்பிக்கலாமா அக்கா?

தாராளமாக. ஆண்ட்ராய்டில் ஏகோட் என்ற இலவச எடிட்டர் இருக்கிறது. போனிலேயே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஃபைல்களை எழுதிச் சேமித்துப் பார்க்கலாம். பிரவுசரிலேயே எழுதிப் பார்க்க உதவும் கோட்பென் தளத்தையும் போனில் திறக்கலாம்.

ஆனால் போனில் இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது. டைப் செய்வது கஷ்டம் என்பதைவிட, கீழே சொல்லப்போகும் எஃப்12 கருவி கையில் இருக்காது என்பதுதான் பெரிய குறை. அதற்குள் கல்லூரி லேபில் தினமும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கப் பாருங்கள். இல்லையென்றால் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். சிஎஸ்எஸ் எழுத அது நன்றாகவே போதும். இதற்காகக் கடன் வாங்கிப் புது லேப்டாப் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

எந்த எடிட்டர் நல்லது?

விஎஸ் கோட். விண்டோஸ் உள்ள மெஷின், அதுவும் ரொம்பப் பழையது என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ். இரண்டும் இலவசம். விஎஸ் கோடில் லைவ் சர்வர் என்ற எக்ஸ்டென்ஷன் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபைலைச் சேமித்ததும் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். தானாகக் கோடு எழுதித் தரும் ஏஐ வசதி வந்தால் முதல் மூன்று மாதம் அணைத்து வையுங்கள். எடிட்டரைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

எஃப்12, எஃப்12 என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

சிஎஸ்எஸ்ஸைக் கற்றுத் தருகிற முதல் ஆசிரியர் அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ ஒரு பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். ஒரு எழுத்தின் மீது வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்தாலும் வரும். ஒரு பக்கம் எச்டிஎம்எல், மறுபக்கம் அந்த இடத்துக்குப் பொருந்தும் சிஎஸ்எஸ் விதிகள் எல்லாம் வரிசையாக நிற்கும். 2006இல் ஃபயர்பக் என்ற துணைக்கருவி வந்தபோதுதான் இந்த வழக்கம் பரவியது. இன்று கணினியின் எல்லாப் பிரவுசரிலும் உள்ளேயே இருக்கிறது.

அதில் முதலில் பார்க்க வேண்டியது குறுக்கே கோடு அடிக்கப்பட்ட விதிகளை. நீங்கள் தலைப்புக்குச் சிவப்பு கொடுத்திருப்பீர்கள். பக்கத்தில் நீலமாக வரும். இன்ஸ்பெக்டரில் உங்கள் சிவப்பின் மேல் கோடு அடித்திருக்கும். அதற்கு மேலே இன்னொரு விதி ஜெயித்திருப்பது தெரியும். ஏன் ஜெயித்தது? ஒரே ஒரு இடத்துக்கு வைக்கும் பெயர் ஐடி, பல இடங்களுக்குப் பொதுவாக வைக்கும் பெயர் கிளாஸ். ஐடிக்கு கிளாஸைவிட வலு அதிகம், கிளாஸுக்கு டேகைவிட வலு அதிகம், வலு சமமாக இருந்தால் பின்னால் எழுதியது ஜெயிக்கும். கேஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ் என்ற சிஎஸ்எஸ்ஸின் முழுப்பெயரிலேயே கேஸ்கேட் என்று இருப்பது இந்த வரிசைதான். இதைப் புத்தகத்தில் பத்து முறை படிப்பதைவிட, உங்கள் பக்கத்தில் ஒரு முறை கோடு அடிபட்டுப் பார்ப்பது மனதில் நிற்கும். விதி பிடிக்கவில்லையே என்று ஆத்திரத்தில், மற்ற விதிகளை மீறச் செய்யும் 'இம்பார்ட்டன்ட்' போடுகிறவர்கள் இதைப் பார்க்காமல்தான் போடுகிறார்கள்.

அடுத்தது பாக்ஸ் மாடல் படம். உள்ளே எழுத்து, சுற்றிலும் பேடிங், அதற்கு வெளியே பார்டர், அதற்கும் வெளியே மார்ஜின் என்று ஒவ்வொன்றும் எத்தனை பிக்சல் என்று அதில் காட்டும். 300 பிக்சல் அகலம் கொடுத்த பெட்டி ஏன் 342 பிக்சல் ஆனது என்று குழம்புபவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் போதும்: இரு பக்கமும் 20 பேடிங், இரு பக்கமும் 1 பார்டர். 'பாக்ஸ்-சைஸிங்' என்பதற்கு 'பார்டர்-பாக்ஸ்' கொடுத்தால் எல்லாம் அந்த 300க்குள் அடங்கிவிடும். புதிய பக்கம் தொடங்கும்போதெல்லாம் நான் எழுதும் முதல் வரி இது.

ஃபயர்பாக்ஸில் கூடுதலாக ஒன்று உண்டு. நீங்கள் எழுதிய ஒரு விதி அந்த இடத்தில் வேலை செய்யாது என்றால், அதை மங்கலாகக் காட்டி, பக்கத்திலேயே காரணத்தையும் சொல்லும். 2019இல் வந்த வசதி. எழுத்துப் பிழையே இல்லாமல் விதி வேலை செய்யாதபோது தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆகவே கற்றுக்கொள்ளும் காலத்தில் ஃபயர்பாக்ஸ், முடித்த பிறகு குரோமிலும் ஒருமுறை சரிபார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் புத்தகம் வாங்கலாம்?

ஒரே ஒரு புத்தகம் வாங்குங்கள். அதை முடியும்வரை விடாதீர்கள். எது என்பது நீங்கள் இருக்கும் நிலையைப் பொறுத்தது.

ஆங்கிலம் தடுமாறும் என்றால் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் சிஎஸ்எஸ்' மின்னூலில் தொடங்குங்கள். கணியம் என்ற தமிழ்த் தொழில்நுட்பத் தளம் வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. அவரே எச்டிஎம்எல்லுக்கும் எழுதியிருக்கிறார். செலக்டர், பேடிங், மார்ஜின் போன்றவை என்ன என்று தாய்மொழியில் ஒரு தடவை புரிந்துவிட்டால், பிறகு ஆங்கிலப் பக்கங்கள் பயமுறுத்தாது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் இந்த மாற்றத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜான் டக்கெட்டின் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் புத்தகத்தைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அழகான புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம், பயம் தெளியும். ஆனால் அது 2011இல் வந்தது. பக்கத்தைப் பத்தி பிரித்து அடுக்க ஃப்ளோட் முறையைச் சொல்லித் தருகிறது. இன்று அந்த வேலைக்கு யாரும் ஃப்ளோட்டைத் தொடுவதில்லை. அதில் எச்டிஎம்எல், நிறம், எழுத்துரு பற்றிய பகுதிகளைப் படித்துவிட்டு, லேஅவுட் பகுதியை விட்டுவிடுங்கள்.

பழைய புத்தகக் கடையில் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் கிரிட் லேஅவுட் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்தது 2017 மார்ச்சில். அதற்கு முன் அச்சான புத்தகத்தில் அதைப் பற்றி உருப்படியாக எதுவும் இருக்காது. சுற்றியுள்ள பெட்டியின் அளவுக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் கன்டெய்னர் குவெரி எல்லாப் பிரவுசரிலும் வந்தது 2023இல்தான்.

ஓரளவு கை ஓடிய பிறகு கீத் கிராண்டின் 'சிஎஸ்எஸ் இன் டெப்த்' நல்ல தேர்வு. இரண்டாம் பதிப்பு 2024இல் வந்தது; அதையே வாங்குங்கள். எரிக் மேயரும் எஸ்டெல் வெய்லும் எழுதிய 'சிஎஸ்எஸ்: தி டெஃபினிட்டிவ் கைடு' ஐந்தாம் பதிப்பு 1,100 பக்கத்துக்கு மேல் ஓடும். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் சோர்ந்துவிடுவீர்கள். சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்கிற புத்தகம் அது. அதனால் சொந்தமாக வாங்காமல் கல்லூரி நூலகத்தில் வாங்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள்.

வடிவமைப்புக்கென்று ஒரு புத்தகம் கேட்டால் ராபின் வில்லியம்ஸின் 'தி நான்-டிசைனர்ஸ் டிசைன் புக்'. அதில் நிரல் வரி எதுவும் கிடையாது. வேறுபாடு, திரும்பவரல், சீரமைவு, நெருக்கம் என்ற நான்கே கொள்கைகள்தான். டி.டி.பி. வேலை பார்ப்பவர்கள் ஒரே வாரத்தில் முடித்துவிடுவார்கள். அடுத்த நாளே அவர்கள் அடிக்கும் கல்யாணப் பத்திரிகையில் மாற்றம் தெரியும்.

புத்தகத்துக்குச் செலவிட முடியாதவர்களுக்கு மொசில்லாவின் எம்டிஎன் வெப் டாக்ஸ் இருக்கிறது. அதற்கு இணையான அகராதி வேறில்லை. கூகுளின் 'லேர்ன் சிஎஸ்எஸ்' பாடமும் இலவசம்தான்.

யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா?

முடியும், கூடவே தட்டினால். பத்து நிமிடம் பார்த்தால் வீடியோவை நிறுத்திவிட்டு, அதைப் பார்க்காமல் நீங்களே எழுதிப் பாருங்கள். ஆங்கிலம் புரியும் என்றால் கெவின் பவல் நடத்தும் சிஎஸ்எஸ் பாடங்கள் நிதானமாகவும் தெளிவாகவும் இருக்கும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது பார்க்கலாம். படித்தேன் என்று கணக்கு வைப்பது மட்டும் வீட்டுக்கு வந்து தட்டியதைத்தான்.

ஃபிளெக்ஸ்பாக்ஸா, கிரிட்டா? எதை முதலில் படிப்பது?

ஃபிளெக்ஸ்பாக்ஸ் முதலில். பொருள்களை ஒரே திசையில் அடுக்க அது. பக்கத்தின் மேலே இடது ஓரம் கடையின் பெயர், வலது ஓரம் 'அறைகள்', 'கட்டணம்', 'வழி' என்ற மூன்று இணைப்புகள் என்று வையுங்கள். 'டிஸ்ப்ளே' என்பதற்கு 'ஃபிளெக்ஸ்', 'ஜஸ்டிஃபை-கன்டென்ட்' என்பதற்கு 'ஸ்பேஸ்-பிட்வீன்'. இரண்டு வரியில் முடிந்தது.

கிரிட் இரண்டு திசைக்கு. ஆற்காட்டு மக்கன் பேடா விற்கும் கடைக்குப் பக்கம் செய்கிறீர்கள். பெரிய திரையில் இனிப்புகள் நான்கு நான்காக, போனில் ஒவ்வொன்றாக நிற்க வேண்டும். ஒரு பெட்டி 220 பிக்சலுக்குக் குறையக் கூடாது, மிச்ச இடத்தை எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கிரிட்டிடம் 'ரிபீட்', 'ஆட்டோ-ஃபில்', 'மின்மேக்ஸ்' மூன்றையும் சேர்த்து ஒரே வரியில் சொல்லிவிடலாம். திரை அளவுக்கேற்பத் தனி விதி சொல்லும் மீடியா குவெரி ஒன்றுகூட எழுதாமல் போன், டேப்லட், கணினி மூன்றிலும் பக்கம் தானாக அடங்கும். இதை முதல்முறை பார்க்கும்போது வகுப்பில் ஒரு சத்தம் வரும். எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

பழக ஃபிளெக்ஸ்பாக்ஸ் ஃபிராகி விளையாட்டில் 24 நிலை, கிரிட் கார்டன் விளையாட்டில் 28 நிலை. இரண்டும் இலவசம். விளையாடி முடித்த அன்றே சொந்தப் பக்கம் ஒன்றில் அதைப் போட்டுப் பார்க்காவிட்டால் அடுத்த வாரம் மறந்துபோகும்.

தமிழில் பக்கம் செய்தால் பார்க்க நெருக்கமாக, அசிங்கமாக வருகிறது. ஏன்?

பாடங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தை வைத்து எழுதப்பட்டவை என்பதால்தான். பயிற்சிக்கு லோரம் இப்சம் என்ற பொருளில்லாத லத்தீன் பத்தியை ஒட்டுவார்கள். அதை விட்டுவிட்டு முதல் நாளிலிருந்தே தமிழ்ப் பத்தியை வைத்துப் பழகுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். சிஎஸ்எஸ்ஸின் பாதி நுணுக்கம் அங்கேதான் வெளிப்படுகிறது.

வரி உயரத்தைப் பாருங்கள். 'லி', 'கீ' போன்ற எழுத்துகளில் விசிறி மேலே ஏறும். 'மு', 'ழு', 'டு' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான 1.4 இங்கே போதாது. 'லைன்-ஹைட்' 1.7 வைத்துப் பாருங்கள், பக்கம் மூச்சு விடும். அளவை 1.7 என்று மட்டும் எழுதுங்கள். பிக்சலில் எழுதினால் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

பிறகு நீளமான சொற்கள். 'கலந்துகொள்பவர்களுக்கான' என்ற ஒரே சொல் தலைப்பில் வந்தால் சின்னப் போனில் திரையைத் தாண்டிப் போகும். பக்கம் முழுக்கப் பக்கவாட்டில் ஆடும். 'ஓவர்ஃப்ளோ-ரேப்' என்பதற்கு 'பிரேக்-வேர்ட்' கொடுத்தால் அந்தச் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். தலைப்பின் அளவை 'கிளாம்ப்' கொண்டு திரைக்கேற்பக் குறைப்பது அதைவிட நல்லது. பத்திகளை இரு ஓரமும் நேராக வரும்படி ஜஸ்டிஃபை செய்யாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை என்பதால் போனில் வரிக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும்.

'லெட்டர்-ஸ்பேசிங்'கைத் தொட வேண்டாம். எழுத்துகளை அகட்டினால் சொல்லின் உருவம் குலையும், நெருக்கினால் எழுத்துகள் மோதும். சாய்வெழுத்தும் அப்படித்தான். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. பிரவுசர் நேரெழுத்தைத் தானாகச் சாய்த்துக் காட்டும். அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்தையோ நிறத்தையோ பயன்படுத்துங்கள்.

எழுத்துரு என்றால், கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் எல்லாம் இலவசம். நீளமான கட்டுரைக்கு முக்தா மலர், தலைப்புக்குக் கேட்டமரன் என்பது என் விருப்பம். தடிமன் இரண்டுக்கு மேல் இறக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனி ஃபைலாக இறங்கினால் கிராமத்துச் சிக்னலில் பக்கம் வர நேரமாகும்.

டி.டி.பி. கடைக்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று. பாமினியில் அடித்த மேட்டரை அப்படியே பக்கத்தில் ஒட்டக் கூடாது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்; கூகுள் தேடலிலும் தமிழாகச் சிக்காது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகு ஒட்டுங்கள். புதிதாகத் தட்டுவதென்றால் தமிழ்99 கீபோர்டு.

ஒரே பக்கத்தில் தமிழ், வங்காளம், உருது எல்லாம் வேண்டும் என்கிறார்கள். முடியுமா?

இந்த ஊரில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்களால்தான் சுற்றியுள்ள லாட்ஜுகள் நடக்கின்றன. போர்டுகளில் வங்காள எழுத்தும் இந்தியும் இருப்பதைத் தெருவில் நடந்தாலே பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் போனால் உருது. குடியாத்தம், பேரணாம்பட்டில் தெலுங்கும் உண்டு.

முடியும், சிஎஸ்எஸ் அதற்குத் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் எச்டிஎம்எல்லில் 'லாங்' பண்பால் மொழியைக் குறியுங்கள். பிறகு சிஎஸ்எஸ்ஸில் 'லாங்' செலக்டரால் மொழிக்கு மொழி எழுத்துருவும் வரி உயரமும் தனித்தனியாகக் கொடுக்கலாம். ஸ்கிரீன் ரீடரும் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் எந்த மொழியில் வாசிப்பது என்று முடிவு செய்யும்.

உருது வலமிருந்து இடமாகப் போகும். அந்தப் பகுதிக்கு 'டிர்' என்ற பண்பில் 'ஆர்டிஎல்' கொடுங்கள். உருது எழுதும் நஸ்தலீக் பாணி எழுத்து சரிந்து இறங்குவதால் வரி உயரம் தமிழைவிடவும் கூடுதலாக வேண்டும். இடது மார்ஜின், வலது மார்ஜின் என்று எழுதும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். 'மார்ஜின்-இன்லைன்-ஸ்டார்ட்' என்று எழுதினால் தமிழ்ப் பகுதியில் இடது பக்கமாகவும் உருதுப் பகுதியில் வலது பக்கமாகவும் அதுவே புரிந்துகொள்ளும். சென்னையிலும் பெங்களூரிலும் பல வருடம் வேலை செய்பவர்களுக்குக்கூட இதைத் தொட வாய்ப்பு வந்திருக்காது. உங்களுக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது.

எனக்குக் கலர் சென்ஸ் இல்லை. டிசைன் வருமா?

வரும். உற்றுப் பார்க்கிற பழக்கம்தான் அது. உங்களுக்குப் பிடித்த பக்கம் ஒன்றை எடுத்து, எத்தனை நிறம், எத்தனை எழுத்தளவு, இடைவெளிகள் எத்தனை பிக்சல் என்று நோட்டில் எழுதுங்கள். நல்ல பக்கங்களில் இவை எல்லாமே குறைவாக இருப்பதைக் கவனிப்பீர்கள்.

தொடங்கும்போது வெள்ளை, கறுப்புக்கு அருகிலான ஒரு சாம்பல், அழுத்தமான ஒரே ஒரு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் கணக்கு இருக்கிறது: சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்று, எல்லோரும் பயன்படுத்தும்படி பக்கம் செய்வதற்கான டபிள்யூசிஏஜி விதிமுறை சொல்கிறது. இன்ஸ்பெக்டரில் நிறக் கட்டத்தைக் கிளிக் செய்தால் அந்த எண் தெரியும். இதை அழகு விஷயமாக மட்டும் நினைக்காதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில், ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, லாட்ஜ் வாடகை எவ்வளவு என்று வயதான ஒருவர் போனைப் பார்க்கிறார். இளஞ்சாம்பல் எழுத்தில் எழுதி வைத்தால் அவருக்கு எதுவும் தெரியாது.

பூட்ஸ்ட்ராப், டெயில்விண்ட் படித்தால் போதும் என்கிறார்களே?

இரண்டும் யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த சிஎஸ்எஸ் தொகுப்புகள். வேலைக்குப் போனால் அங்கே என்ன பயன்படுத்துகிறார்களோ அதைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அடியில் இருப்பது சிஎஸ்எஸ்தான். ஃபிளெக்ஸும் கிரிட்டும் தெரிந்தவர் டெயில்விண்டை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார். நேர்மாறாக வந்தவர் கிளாஸ் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு, ஒன்று பிசகினால் முழிப்பார்.

ஏஐ நொடியில் எழுதித் தந்துவிடுகிறதே, இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும்?

எழுதித் தரும், உண்மைதான். அது தந்த 200 வரியில் உருதுப் பகுதி ஏன் தவறான பக்கம் ஒதுங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள். போனில் வைத்துப் பார்த்து இது படிக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டியதும் நீங்கள். கேஸ்கேட் தெரியாதவர் அதனிடம் மறுபடி மறுபடி கேட்டு, விதிக்கு மேல் விதியாக அடுக்கிக்கொண்டே போவார். எது எதனால் வேலை செய்கிறது என்று கடைசிவரை தெரியாது.

பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் எழுதியதை அதனிடம் கொடுத்து, 'ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது, எதை எடுத்துவிட்டாலும் பாதகமில்லை?' என்று கேளுங்கள். சொன்ன பதிலை எஃப்12இல் சரிபாருங்கள். இப்படிப் பயன்படுத்தும் பிள்ளைகள் மற்றவர்களைவிட வேகமாகத் தேறுகிறார்கள்.

பழக எந்தப் பக்கத்தைச் செய்வது?

நாளைக்கு யாராவது உண்மையில் திறந்து பார்க்கக்கூடிய பக்கமாக இருக்கட்டும். வேலூர்க் கோட்டையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரைப் பக்கம் செய்யலாம்: அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி. படமும் பத்தியும் அடிக்குறிப்பும் சேர்ந்து வருவதால் எழுத்தமைப்பு பழகும். இலவம்பாடி முள்கத்தரிக்காய்க் குழம்புக்கு ஒரு செய்முறைப் பக்கம் செய்தால் பட்டியல்களும் பிரிண்ட் எடுப்பதற்கான சிஎஸ்எஸ்ஸும் பழகும்.

எல்லாவற்றிலும் சிறந்தது உங்கள் ஊரிலிருந்து புறப்படும் பஸ் நேர அட்டவணை. ஆறு நெடுவரிசை உள்ள அட்டவணையைப் போனில் காட்டுவது அனுபவசாலிகளையும் திணறடிக்கும். அட்டவணையைச் சுற்றி ஒரு டிவ் போட்டு அதற்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்' என்பதை 'ஆட்டோ' ஆக்கினால் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும், பக்கம் ஆடாது. ஊர்ப்பெயர் உள்ள முதல் நெடுவரிசைக்கு 'பொசிஷன்: ஸ்டிக்கி', இடது ஓரம் பூஜ்யம், ஒரு பின்னணி நிறம். நேரங்கள் நகர்ந்தாலும் பள்ளிகொண்டா, அணைக்கட்டு என்ற பெயர்கள் அங்கேயே நிற்கும். பின்னணி நிறம் கொடுக்க மறந்தால் எழுத்தின்மேல் எழுத்து ஏறும்.

சர்டிஃபிகேட் இல்லாமல் வேலை கிடைக்குமா? இங்கேயே சம்பாதிக்க முடியுமா?

சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் ஃப்ரீகோட்கேம்பில் ரெஸ்பான்ஸிவ் வெப் டிசைன் பாடத்தை முடித்து இலவசமாகவே வாங்கலாம். அதைவிட உங்கள் பக்கங்களைப் பார்க்க ஒரு முகவரி இருப்பது முக்கியம். கிட்ஹப் பேஜஸில் காசில்லாமல் ஏற்றலாம். நேர்முகத் தேர்வில் போனிலேயே திறந்து காட்டுங்கள்.

உள்ளூரில் வேலை இருக்கிறது. லாட்ஜ், கல்யாண மண்டபம், குடியாத்தம் கைத்தறி லுங்கி, ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் பொருள்கள் என்று வெளியூர்க்காரர்களிடம் விற்கும் எவருக்கும் ஒரு நல்ல பக்கம் உதவும். முதல் வேலைக்குப் போகும்போதே இரண்டு விஷயத்தில் உறுதியாக இருங்கள். தளத்தின் முகவரியான டொமைன் பெயரைக் கடை உரிமையாளர் பெயரிலேயே, அவருடைய இமெயிலிலேயே பதிவு செய்யுங்கள். உங்கள் பெயரில் வைத்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வரும். வருடாவருடம் புதுப்பிக்கும் செலவு என்ன என்பதையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எத்தனை மாதம் ஆகும்?

தினம் ஒரு மணி நேரம் தட்டினால், மூன்று மாதத்தில் எளிய பக்கத்தை யார் உதவியும் இல்லாமல் செய்துவிடலாம். ஒரு டிசைனைப் பார்த்தவுடன் இதற்கு என்ன எழுத வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிய ஆறேழு மாதமாவது ஆகும். பரீட்சை வந்தால் விட்டுவிட்டுப் பிறகு தொடருங்கள், ஒன்றும் ஓடிப்போகாது.

சிஎஸ்எஸ்ஸை மாற்றினேன், பக்கத்தில் எதுவும் மாறவில்லை. என்ன செய்வது?

முதலில் ஃபைலைச் சேமித்தீர்களா என்று பாருங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசர் பழைய நகலை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்கும். அப்படியும் வரவில்லை என்றால் எஃப்12 திறந்து, நெட்வொர்க் பகுதியில் சிஎஸ்எஸ் ஃபைலுக்கு எதிரே 404 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபைல் கிடைக்கவில்லை என்று பொருள்; நீங்கள் கொடுத்த பாதை தவறு. உங்கள் கணினியில் வேலை செய்து, கிட்ஹப்பில் ஏற்றியதும் வேலை செய்யாமல் போனால் அநேகமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிரச்சினை: ஃபைல் பெயரின் முதல் எழுத்து பெரிதாகவும், எச்டிஎம்எல்லில் எழுதியது சிறிதாகவும் இருக்கும். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், கிட்ஹப் பேஜஸ் எடுத்துக்கொள்ளாது. எல்லா ஃபைல் பெயர்களையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். 404 இல்லை, ஆனாலும் மாறவில்லை என்றால், நீங்கள் மாற்றிய வரிக்கு முந்தைய வரியைப் பாருங்கள். அங்கே அரைப்புள்ளியோ மூடும் அடைப்போ விடுபட்டிருக்கும்.